மாலைக்குள் திரும்பிவிடலாமா?

விருதுநகரில் குடியிருப்பவனுக்குச் சுற்றிலும் திருத்தலங்கள் இருப்பது பெரும் பேறு. அந்தப் பேற்றுடன் ஒரு சிறு பொறுப்பும் வந்து சேர்கிறது. மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் உறவினர்கள், உடன் பணியாற்றிய நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாதத்துக்கு நான்கைந்து பேராவது தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "உங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு வரலாமென்று இருக்கிறோம். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாமா?"

கேட்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். கையில் ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள், சிவகாசியில் விஸ்வநாதரும் பத்திரகாளியம்மனும், இருக்கன்குடி மாரியம்மன், எங்களூர்ப் பராசக்தி மாரியம்மன், திருச்சுழி திருமேனிநாதர் என்று ஏழு ஆகிவிடும். "முடிந்தால் சதுரகிரி" என்று எட்டாவதாக ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சேர்ப்பவரும் உண்டு.

நான் வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலை. கேட்பவரின் தேவை எவ்வளவு என்பதைக் காட்டிலும், அவரால் திருப்பிச் செலுத்த இயலுமா என்பதையே முதலில் பார்க்கப் பழகிய கண். ஆகவே இந்தப் பட்டியல்களையும் அப்படியே பார்க்கிறேன். உடம்பிடம் ஒரு நாள் கடன் வாங்குகிறோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதை வட்டியோடு கேட்கும். கொடுக்க முடியுமா?

முதலில் திசைகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டியது; மதுரையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். திருச்சுழி கிழக்கே இருக்கிறது. 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. பாடல் பெற்ற தலமுமாகும். இருக்கன்குடியோ தெற்கே, சாத்தூரை அடுத்து, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிறது. வரைபடத்தில் மூன்றும் ஒரு விரற்கடைத் தொலைவுதான். ஆனால் மூன்று திசைகள். ஒரே நாளில் மூன்றையும் தொடலாம் என்று வாடகைக் கார் ஓட்டுநர் சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. காரிலிருந்து இறங்கி, செருப்பை விட்டு, வரிசையில் நின்று, திரும்பி வந்து செருப்பைத் தேடி, மீண்டும் காரில் ஏறுவது அவரில்லையே!

தொலைவு கூடப் பெரிதன்று. உண்மையில் இந்தப் பயணங்களைக் கெடுப்பது நண்பகல். நம் கோயில்களில் பெரும்பாலானவை உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கின்றன. ஆகவே ஒரு நாள் பயணம் என்பது ஒரு முழு நாளன்று. காலையில் நான்கு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் கொண்ட இரண்டு துண்டுகள். நடுவில் ஒரு பள்ளம். இளைஞர்கள் அந்தப் பள்ளத்தை உணவு விடுதியில் கழித்துவிடுவார்கள். எழுபது வயதுக்காரர் எங்கே காலை நீட்டுவது? எங்கே கழிப்பறை? நீரிழிவு உள்ளவர் மருந்து உட்கொண்டு சரியான நேரத்தில் சாப்பிடுவது எங்கே? "எத்தனை கோயில் பார்க்கலாம்?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதற்கேள்வி, "பகல் 12 மணியிலிருந்து நான்கு மணிவரை எங்கே இருக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். பலரிடம் அதற்கு விடை இருப்பதில்லை. காரிலேயே இருந்துகொள்வோம் என்பார்கள். எங்கள் வெயிலை அறியாதவர்கள்.

இது கரிசல் பூமி. மழை குறைவு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அத்தொழிலும் பின்னர் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம் என்பது பலரும் அறிந்ததே. தீக்குச்சி காய்வதற்கு உகந்த காற்று முதியவர்களின் உடம்பையும் அவ்வண்ணமே காய்ச்சும். பங்குனியில் முற்பகல் 11 மணிக்குக் கோயில் பிரகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். பிரதட்சிணம் ஓட்டமாக மாறிவிடும். எனவே மாசி பிறந்த பிறகு வருவதாகச் சொல்பவர்களைத் தடுத்துவிடுவேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வருபவர்களையும் தடுப்பதுண்டு. அப்போது பட்டாசு வாங்க வரும் வெளியூர்க் கார்களால் சிவகாசிச் சாலைகளும் விடுதிகளும் நிறைந்துவிடும். இன்னொன்று: அப்படி வாங்கிய பட்டாசைப் பையில் மறைத்து ரயிலில் ஏறலாமென்று நினைக்கும் தாத்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். பேரனின் மத்தாப்பை அவன் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

சதுரகிரிக்கு மட்டும் நான் விடை சொல்லத் தயங்குவதேயில்லை. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து காட்டு வழியே, பாறைகளின் மீதும் ஓடைகளின் ஊடாகவும் ஏற வேண்டும். அனுமதி வனத்துறையின் கையில் இருக்கிறது. மழைக்குறி தெரிந்தால் வழியை மூடிவிடுவார்கள். 2015 மே மாதம் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் அங்கே பக்தர்கள் உயிரிழந்ததை எங்கள் மாவட்டம் மறக்கவில்லை. நாற்பது வயதில் நான் ஏறிச் சுந்தரமகாலிங்கத்தையும் சந்தனமகாலிங்கத்தையும் தரிசித்திருக்கிறேன். 62ஆம் வயதில் மறுபடியும் புறப்பட்டு, வழுக்குப்பாறையைத் தாண்டியதும் மூச்சு வாங்க அமர்ந்து, அங்கிருந்தே கைகூப்பிவிட்டுத் திரும்பினேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மதுரையிலிருந்து காலையில் வந்து, ஏறி, இறங்கி, மாலையில் வீடு திரும்புவேன் என்று எழுபது வயதில் ஒருவர் சொன்னால், அவருடைய மகனின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சென்னைக்காரர்களின் கணக்கு வேறு. எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் பொதிகை விரைவு ரயில் விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிடும். அன்றிரவே அதே வண்டியில் ஏறி மறுநாள் காலை சென்னையில் இருக்கலாம். விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இது வசதிதான். ஆனால் இதை "ஒரு நாள்" என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். இரண்டு இரவுகள் சரியாக உறங்காமல் ஒரு பகல் முழுதும் நிற்கிறோம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சுடன் நின்றுபோயிற்று. எனினும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும், 45ஐக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. முன்பதிவின்போது அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மேல்படுக்கையில் ஏறத் தொடங்கும்போதே யாத்திரை முடிந்துவிடக் கூடாது.

இப்படியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் நான், ஒருவருக்குச் சொன்ன கணக்கு தவறிப்போனதை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை.

மதுரையில் இருக்கும் என் அக்காவின் கணவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், 2015ஆம் ஆண்டு மார்கழியில் என்னை அழைத்தார். "மாப்பிள்ளை, ஆண்டாளை எண்ணெய்க்காப்பின்போது ஒருமுறை சேவிக்க வேண்டும். ஒரு நாளில் போய்வந்துவிடலாமில்லையா?" என்றார். மார்கழி நீராட்ட உற்சவத்தில் ஆண்டாளுக்கு நிகழும் எண்ணெய்க்காப்பு வைபவம் தனி அழகுடையது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் என் வழக்கப்படி கணக்குப் பார்த்தேன். அவருக்கு மூட்டுவலி, மார்கழியில் கூட்டம், எனக்கு வங்கியில் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். "அத்தான், இந்த ஆண்டு வேண்டாம். முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்கழியில் நானே காரில் அழைத்துப் போகிறேன்" என்றேன். "சரி மாப்பிள்ளை, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. இருந்திருந்தால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன்.

அடுத்த மார்கழி அவருக்கு வரவில்லை. 2016 ஐப்பசியில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த சில நாட்களிலேயே, நவம்பர் 8 அன்று, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. வங்கியில் பணியாற்றியவர்களுக்கு அந்த ஐம்பது நாட்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வாசலில் விடியற்காலையிலேயே வரிசை. உள்ளே இரவு வரை நோட்டு எண்ணும் வேலை. அக்காவின் வீட்டுக்கு ஒருமுறை முழுதாகப் போய் உட்கார்ந்து துக்கம் விசாரிக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தை பிறந்த பிறகுதான் போனேன். அத்தானின் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது கிடைத்ததாகச் சொல்லி அக்கா ஓர் உறையைக் கொண்டுவந்து வைத்தார். மேலே அவருடைய அழகான கையெழுத்தில் "ஆண்டாளுக்குப் புடவை" என்று எழுதியிருந்தது. உள்ளே ஆயிரம் ரூபாய்த் தாள்கள் மூன்று.

வங்கிகளில் பழைய தாள்களைச் செலுத்துவதற்கான கெடு டிசம்பர் 30 உடன் முடிந்திருந்தது.

"மாற்ற முடியுமா தம்பி?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அவருக்கு இது தெரியாதே" என்றார். உறையை மடித்து உள்ளே கொண்டுபோய்விட்டார். நானும் அதன்பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. இவ்வாண்டு மார்கழிக் கடைசியில் அக்கா அழைத்தார். அவருக்கு இப்போது 79 வயது. "தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடலாமா?" எல்லோரும் கேட்கும் அதே கேள்வி. என் வாய் பழக்கத்தால், "முழங்கால் எப்படி இருக்கிறது அக்கா? சர்க்கரை எவ்வளவு?" என்று தொடங்கிவிட்டது. "நீ உன் பேங்க் கணக்கை எடுக்காதே. போகலாமா, கூடாதா, அதை மட்டும் சொல்" என்றார்.

அவருடைய மகனுக்கு விருப்பமில்லை. அம்மாவின் மீதுள்ள அக்கறைதான் காரணம். அவன் சொன்ன ஒரு வாதம் எனக்கே நன்றாகப் பட்டது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிந்தே எழுந்தருள்கிறார். புரட்டாசியில் திருமலை கருட சேவைக்கும் அப்படியே மாலை போகிறது. "ஆண்டாள் ஆண்டுதோறும் மதுரைக்கே வருகிறாள் அம்மா, நீங்கள் ஏன் அலைய வேண்டும்?" என்றானாம். அக்கா சொன்ன பதில்: "வருஷா வருஷம் வருகிறவள் வீட்டுக்கு நாம் ஒரு தடவையாவது பதிலுக்குப் போக வேண்டாமா?"

இதற்கு மேல் நான் எந்தக் கணக்கைக் காட்டுவது? போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். ஒன்று, மார்கழிக் கூட்டம் ஓய்ந்தபின், தையில், விசேஷம் ஏதுமில்லாத ஒரு புதன்கிழமை. மற்றொன்று, ஒரே ஊர். திருத்தங்கல் வழியில்தானே இருக்கிறது, அதுவும் திவ்ய தேசம்தானே என்று யாரும் வழியில் ஆசை காட்டக் கூடாது. இரண்டாவதை அக்கா அரை மனத்தோடுதான் ஏற்றார்.

காரா ரயிலா என்ற பேச்சு எழுந்தது. நான் ரயிலையே சொன்னேன். எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, காலைத் தொங்கவிட்டே இருக்க வேண்டியதில்லை. காலையில் செங்கோட்டை செல்லும் வண்டியில் அக்காவும் பேத்தியும் மதுரையில் ஏற, நான் விருதுநகரில் சேர்ந்துகொண்டேன். சிவகாசியைத் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் தெரியத் தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே அக்கா வெகுநேரம் பேசாமல் வந்தார்.

கோயிலில் கூட்டமில்லை. வாங்கி வந்திருந்த புடவையைத் தட்டில் வைத்து அர்ச்சகரிடம் கொடுத்தோம். அங்கே ஆண்டாள், ரங்கமன்னார் ஆகிய இருவருடன் கருடாழ்வாரும் ஒரே ஆசனத்தில் சமமாக எழுந்தருளியிருப்பது எத்தனை முறை சேவித்தாலும் வியப்பாகவே இருக்கும். பெருமாளின் எதிரே கைகூப்பி நிற்பவர் இங்கே அருகிலேயே நிற்கிறார். அர்ச்சகர் தீபம் காட்டினார், தீர்த்தமும் சடாரியும் கிடைத்தன. அக்கா நெடுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல தரிசனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் குழந்தையைக் கண்டெடுத்த நந்தவனத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். பின்னர் வடபத்ரசாயி சந்நிதி. இங்கே வருபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பள்ளிகொண்ட பெருமாள் மேல்தளத்தில் இருக்கிறார், படியேற வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் 192 அடி ராஜகோபுரம் இந்தச் சந்நிதிக்கு உரியதுதான். அக்கா படிக்கட்டின் அடியில் ஒரு தூணோரம் உட்கார்ந்துகொண்டார். "நீங்கள் இருவரும் போய்வாருங்கள். ஆலிலைமேல் குழந்தையாய்ப் படுத்துத் தூங்குகிறவனை நானும் போய் ஏன் எழுப்ப வேண்டும்?" என்றார். பேத்தி சிரித்தாள். முழங்கால்தான் காரணம் என்பது மூவருக்கும் தெரியும்.

பதினொன்றரை மணிக்குக் கோயிலுக்கு அருகே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகையா என்று அக்கா சலித்துக்கொண்டார். சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், படுத்தார். சிறிது நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே, "தம்பி, ஒன்று சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார். "காலையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் இருண்டுவிட்டது. தீபம் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. முதிய கண்கள் வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் பழக அதிக நேரம் பிடிக்கும் என்பதைப் படித்திருக்கிறேன். கண்புரை அறுவை செய்துகொண்ட பலர் இதைச் சொல்லியும் இருக்கிறார்கள். அதை என் கணக்கில் நான் எழுதியதேயில்லை. வழக்கம்போல அடுத்த கோயிலுக்கு விரைந்திருந்தால், ஆண்டாளைக் காணாமலேயே, காணவில்லை என்று சொல்லவும் கூசி, வீடு திரும்பியிருப்பார்.

"மாலையில் மறுபடியும் போவோம்" என்றேன். "ரயில்?" என்றாள் பேத்தி. "போகட்டும்" என்றேன்.

அக்கா ஒன்றரை மணி நேரம் அயர்ந்து தூங்கினார். வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். இம்முறை நேரே சந்நிதிக்குள் நுழையவில்லை. உள்மண்டபத்தில் நிழலில் கால்மணி நேரம் உட்காரவைத்தேன். விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். பிறகு எழுந்து மெல்ல நடந்து உள்ளே போனோம். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை அறிவீர்கள்; மரவள்ளி இலைகளும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. அக்கா நின்றார். சற்று நேரத்தில் என் கையைப் பற்றி, "கிளி தெரிகிறது தம்பி. மூக்குச் சிவப்பாக இருக்கிறது" என்றார்.

பின்னர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து அந்தப் பழைய உறையை எடுத்தார். அவர் கொண்டுவந்திருக்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. உண்டியலில் போடட்டுமா என்று கண்ணால் கேட்டார். கோயிலுக்கு அதனால் பயனில்லை, எண்ணுகிறவர்களுக்கு வீண் தொல்லை என்றேன். வங்கிக்காரன் புத்தி எங்கே போகும்? அவர் மறுக்கவில்லை. உறையை இரு கைகளிலும் ஏந்திச் சந்நிதியின் எதிரே சற்று உயர்த்திப் பிடித்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு மீண்டும் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். (பத்துத் தாள்கள் வரை ஒருவர் வைத்திருப்பதைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை, பின்னர் பேத்தி கேட்டதால் சொன்னேன்.)

வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். அக்காவுக்கு ஒரு தேக்கரண்டி அளவு நானே கொடுத்தேன். அவர் மகனுக்கு இதைப் படிக்க நேரமிருக்காது என்ற தைரியம்தான். மாலை வண்டி போய்விட்டிருந்தது. வாடகைக் கார் பிடித்து, என்னை விருதுநகரில் இறக்கிவிட்டு, அவர்கள் மதுரை சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. மாலைக்குள் திரும்பவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அக்கா படுக்கையைவிட்டு அதிகம் எழவில்லை என்று அவர் மகன் தெரிவித்தான். அவன் குரலில் குற்றச்சாட்டு இருந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அக்காவே அழைத்தார். கால்வலி குறைந்திருக்கிறது என்றார். பேத்தி எடுத்த கோபுரப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறாராம். பிறகு, "திருத்தங்கல் கோயில் மலைமேலே இருக்கிறது என்கிறார்களே, படி எத்தனை?" என்றார்.

பலமுறை ஏறியிருக்கிறேன், எண்ணியதில்லை. இந்தச் சனிக்கிழமை போய், உட்கார இடமும் நிழலும் எந்தெந்தப் படியில் கிடைக்கின்றன என்பதையும் பார்த்து எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.